ஞாயிற்றுக்கிழமை அந்த ஆப்பை யாரும் பார்க்கவில்லை

அம்மாவுக்குக் கீமோ முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. போன வாரம் தெருக்கோடி வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொண்டு, "உங்கம்மாவ வீட்ல வச்சே பாத்துக்கிட்டியாமே, ஆஸ்பத்திரி ஆப்புன்னு போன்லயே தினம் எல்லாம் கேட்டுக்குவாங்களாமே, எங்க வீட்டுக்காரருக்கும் அதுல சேரச் சொல்றாங்க, சேரலாமா?" என்றார். சேரலாம் அக்கா என்று ஆரம்பித்தவள், பேசி முடிக்கும்போது அவர் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒன்றரை லட்சம் மிச்சமாகியிருக்கும். பணத்தை விடுங்கள், அந்த ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அம்மாவுக்கு வயது 66. பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து எட்டு சைக்கிள் கீமோ என்றார்கள். 21 நாளுக்கு ஒரு சைக்கிள். முதல் நாள் அங்கே போய் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், இரண்டு மணி நேரம். அதன்பின் 14 நாள் வீட்டில் கேப்சிடபின் மாத்திரை, காலையில் மூன்று, ராத்திரி மூன்று, சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். அப்புறம் ஏழு நாள் ஓய்வு. நாங்கள் இருப்பது கும்பகோணம் பக்கம், திருச்சிக்குக் காரில் இரண்டரை மணி நேரம். அப்பா இல்லை, தம்பி தோஹாவில் இருக்கிறான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆக ராத்திரியும் பகலும் வீட்டில் நான் ஒருத்திதான். ஊசி போடுவதுதான் கீமோ, மாத்திரை என்றால் லேசு என்று நானும் நினைத்தேன், வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃப்ளூரோயுராசில் என்ற பழைய கீமோ மருந்தாகத்தான் மாறுகிறது. வீட்டு அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில் இருப்பதால் அது சாது ஆகிவிடாது.

முதல் சைக்கிளுக்குப் போனபோதே வீட்டுக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்றைச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு 6,500 ரூபாய். ஒரு பையில் டிஜிட்டல் தர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், என் போனில் ஒரு ஆப். தினம் காலையில் அதில் பத்துப் பன்னிரண்டு கேள்வி வரும். குமட்டல், வாந்தி, பேதி, வாய்ப்புண், உள்ளங்கை எரிச்சல், காய்ச்சல், அசதி. காய்ச்சலுக்கு ஆம் அல்லது இல்லை, மற்ற ஒவ்வொன்றுக்கும் இல்லை, லேசாக, மிதமாக, கடுமையாக என்று நாலு கட்டம். அமுக்கி அனுப்பினால் அங்கே ஒரு சிஸ்டர் பார்த்து, தேவைப்பட்டால் கூப்பிடுவார் என்றார்கள். அந்த வாக்கியத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நாலு இருந்தது. ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதல் சைக்கிளில் அந்த ஆப் நன்றாகவே வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். டிரிப்ஸ் போட்ட சில நாளில், ஒரு புதன்கிழமை, அம்மா ஃபிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்தவள் விரலெல்லாம் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது என்று கீழே போட்டுவிட்டாள். எழுதி அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது. அது ஆக்சாலிபிளாட்டினால் வருவது, குளிர்ந்ததைத் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, வெந்நீர் குடிங்க, காலையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்கூட ஆகாது, சில நாளில் குறையும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, யாரோ கூட இருக்கிறார்கள் என்று. அந்தப் புதன்கிழமைதான் என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. புதன்கிழமை பகலில் எடுக்கும் போனை சனிக்கிழமை ராத்திரியும் எடுப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் சைக்கிளில் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. எத்தனை தடவை என்று கேட்டால், "ரெண்டு தடவதான் போச்சு, பரவால்ல" என்றாள். அம்மாவுக்கு எல்லாமே பரவாயில்லைதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். சனிக்கிழமை காலை ஆப்பில் பேதிக்கு 'லேசாக' என்று அமுக்கினேன். உண்மையில் அன்று காலைக்குள் ஆறு தடவை போயிருக்கிறாள், நான் குளிக்கப் போனபோதும் கடைக்குப் போனபோதும் போய்விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி படுத்திருக்கிறாள். இது எனக்கு ஐ.சி.யூ.வில்தான் தெரிந்தது.

ஏன் மறைத்தாய் என்று பிறகு கேட்டேன். "சொன்னா டாக்டரு மாத்திரைய நிறுத்திருவாரு, நிறுத்துனா திரும்ப வந்துரும்ல" என்றாள். எத்தனையோ பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, அவள் வாயால் சொல்லாதது. ஒவ்வொரு தடவை திருச்சி போகவும் காருக்கு நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நோயாளி பொய் சொல்வது நம்மை ஏமாற்ற இல்லை, நமக்குச் செலவு வைக்கக் கூடாதே என்றுதான். ஆனால் 'லேசாக', 'மிதமாக' என்று கேட்கிற எந்த ஆப்பும் இந்த அம்மாக்களிடம் தோற்றுப்போகும். லேசு எது என்பதை அவர்கள்தானே முடிவு செய்கிறார்கள். அதனால் என் முதல் யோசனை, வார்த்தையைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். கீமோ ஆரம்பிப்பதற்கு முன் சாதாரணமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேப்சிடபின் சாப்பிடுகிறவர்களுக்கு அதைவிட நாலு தடவை கூடினாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டி வந்தாலோ மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். ஏழு தடவையோ அதற்கு மேலோ கூடினால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. இதையெல்லாம் அறியாமல் சனிக்கிழமை காலையும் ராத்திரியும் நானே என் கையால் மும்மூன்று மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு காலையும் கொடுத்தேன். ஒரு வேளை தவறக் கூடாது என்று அலாரம் வேறு வைத்திருந்தேன்.

சனி ராத்திரி எட்டரைக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. தர்மாமீட்டர் வைத்தேன், 100.8. நம் வீடுகளில் 100.8 ஒரு காய்ச்சலா? ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, ஆப்பைத் திறந்து காய்ச்சல் 'ஆம்', அசதி 'கடுமையாக' என்று அனுப்பினேன். பச்சை நிறத்தில் டிக் வந்தது. உங்கள் பதிவு பெறப்பட்டது, எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும் என்று தமிழிலேயே வந்தது. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நான் தூங்கினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை காய்ச்சல் இல்லை. குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். குறையவில்லை, பாராசிட்டமால் அதை மூடி வைத்திருந்தது. கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள், அதிலும் நியூட்ரோஃபில், மருந்து போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். அம்மா அப்போது பத்தாம் நாள், பதினோராம் நாள். அந்த நேரத்தில் கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, சீழ் வைக்கக்கூட அணு இல்லை, காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரிகிற அடையாளம், அந்த ஒன்றையும் நான் மாத்திரை கொடுத்து மறைத்திருந்தேன். கீமோ நோயாளிக்கு 100.4 என்றாலே அவசரம். காய்ச்சல் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பார்த்து 100.4 இருந்தால் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கவும் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள், அக்குளில் குறைவாகக் காட்டும், காபி குடித்த உடனே பார்த்தால் தப்பாகக் காட்டும். மருத்துவமனை கொடுத்த புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இந்த 100.4 இருந்தது. ஆப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காய்ச்சல் 'ஆம்' என்று அமுக்கினால் உடனே கிளம்பு என்று சிவப்பில் காட்ட எவ்வளவு நேரம் ஆகும், ஒரு புரோகிராம் எழுதுகிறவருக்கு?

மதியம் இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நடுக்கல் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. 102.4. ஆப்பில் இருந்த எண்ணைக் கூப்பிட்டால், பதிவு செய்த குரல், திங்கள் முதல் சனி வரை காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை தொடர்புகொள்ளவும் என்றது. ஆப்பு என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு வந்தது, பைத்தியம் பிடித்த மாதிரி. மருத்துவமனைப் பொது எண்ணில் எடுத்தவர், சார் நாளைக்கு ஒன்பது மணி ஓ.பி.க்கு வருவார் மேடம், டோக்கன் போடவா என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் முன்னால் இருப்பது டோக்கன் திரை. கீமோ நோயாளி, காய்ச்சல், கேஷுவால்டிக்கு இணைப்புக் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வார்த்தைகள் அப்போது என்னிடம் இல்லை. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் கீமோ என்றதும் கையே வைக்கவில்லை, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, உங்க டாக்டர்கிட்டயே கொண்டுபோயிருங்க என்று சொல்லிவிட்டார். என்ன மருந்து, எப்போது போட்டது, என்ன டோஸ் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, ஃபைல் எல்லாம் வீட்டில். இந்த அலைச்சலில் நாலு மணி நேரம் போனது. ராத்திரி ஏழு மணிக்குக் கார் கிடைத்தது, 4,500 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை ரேட். தஞ்சாவூர் தாண்டும்போது அம்மா பேச்சுக் குழற ஆரம்பித்தாள், என்னை என் பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கேஷுவால்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் கீமோ, காய்ச்சல் என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டதும் ஓடினார். நிஜமாகவே ஓடினார். ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இந்த நிலைக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும் என்பது விதி என்றார். எங்களுக்குச் சனிக்கிழமை எட்டரையிலிருந்து கணக்குப் போட்டால் 26 மணி நேரம். ரத்த அழுத்தம் 80க்கு 50. நியூட்ரோஃபில் 240. ஐந்நூறுக்குக் கீழே போனாலே ஆபத்து.

ஐ.சி.யூ. நாலு நாள், வார்டு ஐந்து நாள். பில் 2,38,000. அம்மாவின் காப்பீடு மூன்று லட்சம், ஆபரேஷனுக்கே 2,10,000 போயிருந்தது, மிச்சம் 90,000 கிடைத்தது. கையிலிருந்து 1,48,000. காருக்கும், நான் வாசலில் கிடந்த ஒன்பது நாளுக்கும் தனி. தம்பி பாதி அனுப்பினான், மீதிக்கு வளையல் போனது. காப்பீட்டில் ஒரு விஷயம், வீட்டில் சாப்பிடும் கீமோ மாத்திரைக்குக் கிடையாது என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி நான் முதல் சைக்கிள் பில்லைத் தூக்கிப் போட்டிருந்தேன். வாய்வழிக் கீமோவை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2019இல் சொல்லியிருக்கிறது, தொகைக்கு வரம்பு இருக்கலாம், அவ்வளவுதான். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

திங்கள்கிழமை காலை 9.40க்கு, நான் ஐ.சி.யூ. வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "மேடம், சனிக்கிழம ரிப்போர்ட்ல ஃபீவர்னு போட்டிருக்கீங்க, இப்ப அம்மா எப்படி இருக்காங்க?" குரல் அன்பாகத்தான் இருந்தது. நான் கத்தினேன். அந்தத் தளத்திலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பிறகு விசாரித்ததில், அந்தப் பெண் ஒருத்தியே எல்லா நோயாளிகளின் பதிவையும் பார்க்கிறாள், ஞாயிறு அவளுக்கு லீவு, அவள் இடத்தில் யாரும் இல்லை. அவளைத் திட்டியதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

வாசலில் கிடந்த நாட்களில் போனில் இதையே தேடிப் படித்தேன். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் என்ற டாக்டரும் அவர் குழுவும் 766 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். நோய் பரவிய நிலையில் கீமோ எடுப்பவர்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல் டாக்டரைப் பார்க்கும்போது சொன்னார்கள், மற்றவர்கள் 12 தொந்தரவுகளைப் பற்றிக் கம்ப்யூட்டர் வழியாகத் தெரிவித்தார்கள், ஏதாவது மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். 2017இல் முடிவு வந்தது. இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், வழக்கம்போல் சொன்னவர்கள் பக்கம் 26 மாதம், கம்ப்யூட்டரில் தெரிவித்த பக்கம் 31.2 மாதம். ஒரு புது மருந்து ஐந்து மாதம் கூட்டினால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஆனால் கணக்கு எழுதுகிற என் கண்ணில் பட்டது வேறொரு எண். வந்த எச்சரிக்கைகளில் நூற்றுக்கு 77க்கு நர்ஸ் ஏதோ ஒன்று செய்திருக்கிறார், போன் போட்டோ, மருந்து எழுத வைத்தோ, கீமோ டோஸை மாற்ற வைத்தோ. எனக்கு விற்றதில் கம்ப்யூட்டர் பாதி இருந்தது, நர்ஸ் பாதி வாரத்துக்கு ஆறு நாள் மட்டும்.

அதனால் தெருக்கோடி அக்காவிடம் சொன்னது இதுதான். சேருங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். அனுப்புவதை யார் பார்ப்பார்கள், ஞாயிறும் பொங்கலும் தீபாவளியும் ராத்திரியும் பார்ப்பார்களா, எவ்வளவு நேரத்தில் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணை வாங்கி, ஒன்றும் ஆகாத ஒரு ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு அடித்துப் பாருங்கள். நான் மூன்றாம் சைக்கிளில் அதைச் செய்தேன். முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை, கீமோ வார்டு எண்ணை வாங்கினேன், அதில் இரண்டாவது மணியில் எடுத்தார்கள். சும்மா பரிசோதித்தேன் சிஸ்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன், அவர் சிரித்தார். அடுத்து, கேன்சர் டாக்டரிடம் லெட்டர்பேடில் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதி, காய்ச்சலோடு வந்தால் ரத்த எண்ணிக்கை பார்த்து உடனே எந்த ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும் என்று. எங்கள் டாக்டர் கேட்டதும் எழுதிக் கொடுத்தார், நீங்கதான் முதல்ல கேட்கிறீங்க என்றார், அது எனக்குப் பாராட்டாகத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் 24 மணி நேர கேஷுவால்டி இருக்கிற ஒரு இடத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள், நான் தஞ்சாவூரில் ஒன்றைப் பிடித்து வைத்தேன், நல்லவேளை தேவைப்படவில்லை. அந்தக் கடிதமும் கடைசி ரத்தப் பரிசோதனையும் ஒரு பையில் வாசல் ஆணியில் தொங்கட்டும். பேதியை நிறுத்துகிற மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ஓ.ஆர்.எஸ். கைவசம் இருக்கட்டும்.

கேப்சிடபினிலிருந்து வருகிற ஃப்ளூரோயுராசிலை உடைக்கிற நொதி அம்மா உடம்பில் குறைவாக இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்தார்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்குமாம், அவர்களுக்கு இந்த மாத்திரை விஷமாகிவிடும். ஐரோப்பாவில் 2020 முதல் கீமோ ஆரம்பிக்கும் முன்பே பார்க்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அது சரியாகவே இருந்தது. ஆனாலும் டோஸைக் குறைத்து மூன்றாம் சைக்கிளை ஆரம்பித்தார்கள். குறைத்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற அம்மாவின் பயத்தை டாக்டர் நேரிலேயே உட்கார்ந்து தீர்த்து வைத்தார். நீங்க சொன்னாத்தான் குறைச்சாவது தர முடியும், சொல்லாம இருந்தா மொத்தமா நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். நான் நூறு தடவை சொல்லியும் ஏறாதது அவர் ஒரு தடவை சொன்னதும் ஏறியது.

அதற்கப்புறம் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் தினசரி காலண்டரை மாட்டி, நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டேன். போகும்போதெல்லாம் அம்மா அன்றைய தாளில் ஒரு கோடு போட வேண்டும். ராத்திரி தாளைக் கிழித்துப் பார்த்து நான் ஆப்பில் எழுதுவேன், கட்டத்தோடு நிற்காமல் கீழே இருக்கும் குறிப்பு இடத்தில் எண்ணையும் எழுதுவேன். ஏழாம் சைக்கிளில் ஒரு ராத்திரி, பன்னிரண்டாம் நாள், பதினொன்றரைக்கு எழுந்து பார்த்தால் தாளில் ஐந்து கோடு. சாதாரணமாக ஒன்று. ஆப்பைத் திறக்கவே இல்லை, வார்டுக்கு அடித்தேன். சிஸ்டர் எடுத்தார். பெயர், ஐ.டி. எண், எத்தனையாம் நாள், காய்ச்சல் 98.9, பேதி ஐந்து தடவை என்று மூச்சு விடாமல் சொன்னேன். காலைல மாத்திரை குடுக்காதீங்க, ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, ஆறு மணிக்குக் காய்ச்சல் பாத்துட்டு திரும்பக் கூப்பிடுங்க, நடுவுல 100.4 வந்தா கிளம்பி வந்துருங்க என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஆறுன்னு சொல்லுடி. ஒரு தடவ கோடு போட மறந்துட்டேன்."